குனியாத காற்சட்டை

கண்டியில் துரைமாருக்கு உடுப்புத் தைக்கும் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். விருந்து அங்கிகளுக்குப் பேர்போன பாரிஸ் தையல் நிறுவனங்கள் திடீரென்று டென்னிஸ் உடுப்பிலும் இறங்கியிருந்த காலம். எங்கள் முதலாளி அங்கிருந்து ஆசையாக வரவழைத்த பால்நிற டென்னிஸ் காற்சட்டைகளை வாங்க ஆளில்லை.

ஒரேயொருவர் வாங்கினார். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். நெடிய உடம்பு, எண்ணெய் பூசிய மீசை. மாலைதோறும் அதை உடுத்தி, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாவிக்கரை வழியாக டென்னிஸ் மைதானத்துக்குப் போவார். அங்கே உட்காரவே மாட்டார். மடிப்புக் கலைந்துவிடுமாம்.

ஒருநாள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஓராள் குறைய, அவரைக் கூப்பிட்டார்கள். நானும் வேடிக்கை பார்த்தேன். தாழ வந்த ஒரு பந்துக்கும் அவர் குனியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் மரியாதையாக வழியனுப்பிவைத்தார். படுதோல்வி.

“ஐயா, கொஞ்சம் குனிஞ்சிருக்கலாமே?” என்றேன்.

“தம்பி, தோத்ததை நாளைக்கே மறந்துபோடுவினம். முழங்கால் சுருங்கினால் வீடு போய்ச் சேருமட்டும் ஊரே பாக்கும்.”

“உங்களுக்கு ஆடத் தெரியுமா?”

“குனியாத வரைக்கும் அது ஆருக்குத் தெரியும்?”

மறுவாரம், அவரோடு ஆடிய மற்ற மூவரும் கடைக்கு வந்து அதே காற்சட்டையை வாங்கிப் போனார்கள். அன்று மாலை மைதானத்தை எட்டிப் பார்த்தேன். வலையடியில் ஒரு பந்து கிடந்தது. அதைச் சுற்றி நால்வரும் விறைப்பாக நின்றார்கள்.

“நீங்க எடுங்க.”

“இல்லையில்லை, நீங்க எடுங்க.”

எங்கள் ஆள் மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.