மூன்றாவது வலம்

தாயும் கன்றுமாக நீந்தும் திமிங்கிலத்தைப் படகில் மூன்று முறை வலம்வந்தால் பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் கட்டலாம் என்று எங்கள் குடும்பம் நம்பியது. அப்படி எந்தச் சாத்திரத்திலும் இல்லை. திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறைகளாகச் சமைத்தவர்கள் நாங்கள். அரசமரம், நாகக்கல், மலை என்று எதைக் கண்டாலும் வலம்வந்தே பழகிய கால்கள். எழுபதுகளின் இறுதியில், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துவந்த பழவேற்காட்டுப் படகுக்காரர் ஒருவர், தம் கரைக்கு அப்பால் ஒரு திமிங்கிலம் கன்றுடன் திரிவதாகச் சொன்னார். மிச்சத்தைச் சித்தப்பாவே சேர்த்துக்கொண்டார். சித்திக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் குழந்தை இல்லை.

சித்தப்பா, சித்தி, சித்தப்பாவின் அக்காவான அத்தை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் ஆகிய நால்வரும் அந்தப் படகுக்காரருடைய இயந்திரப் படகில் ஏறினோம். வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு படகுகள் பின்தொடர்ந்தன.

முதலில் கண்டபோது அந்தத் தாய் அவசரமின்றி மூச்சுவிட்டு, கன்றை ஒட்டியபடி மிதந்துகொண்டிருந்தது.

"மீனுகூட குட்டிய இட்டுகினு திரியுது. நம்ம வூட்லதான் தொட்டிலுக்கு வேலையில்ல" என்றார் அத்தை.

சித்தப்பா கற்பூரத் தட்டை எடுத்தார். "வலமா போப்பா. இடமா சுத்திடாத, தோஷம்."

"ரொம்ப கிட்ட வேணாம் சாமி" என்றார் படகுக்காரர்.

"கிட்ட போனாதான் தரிசனம். ஓட்டு."

முதல் சுற்றிலேயே அதன் மூச்சு குறுகியது. முங்கி எழுந்து திசை மாற்றிப் பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படகு நின்றது. கன்றை எங்களுக்கு மறுபுறம் ஒதுக்கி ஒதுக்கி நீந்தியது. இரண்டாம் சுற்றில் வாலை ஓங்கி அறைந்தது. தண்ணீர் எங்கள் முகத்தில் சாட்டைபோல் விழுந்தது. "ஆசீர்வாதம்!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சித்தி எழுந்து நின்றார். "நிறுத்தச் சொல்லுங்க. அது பயந்துகினு இருக்குது. புள்ளைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியாம தவிக்குது."

"இன்னும் ஒரு சுத்துதான். உனக்காகத்தானே?" என்றார் சித்தப்பா.

மூன்றாவது சுற்றில் கன்று மூச்செடுக்க எங்கள் படகின் அடியிலேயே எழுந்தது. இயந்திரம் திணறியது, நீர் சிவந்தது. சுழல்விசிறி அதன் முதுகைப் பிளந்திருந்தது. தாய் திரும்பி வந்து மோதியது. பக்கப் பலகை உடைந்தது. விளிம்பில் விழுந்த அத்தையின் முன்கை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. சித்தப்பாவின் நெற்றி பிளந்து கற்பூரத் தட்டில் இரத்தம் சொட்டியது. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அதன்பின் தாயின் மூச்சு மட்டும் கேட்டது. மூழ்கும் கன்றை அது தலையால் மேலே தூக்கியது, கன்று சரிந்தது, மறுபடியும் தூக்கியது.

இன்னொரு படகு எங்களைக் கரைக்கு இழுத்துவந்தது. மணலில் கிடந்த அத்தை வலியினூடே முனகினார்: "மூணாவது சுத்து முடியலையே."

"முடிஞ்சிது அண்ணி" என்றார் சித்தி. "இனிமே எனக்காக யாரும் எதையும் சுத்த வேணாம்."

படகுகள் நெருங்கினால் திமிங்கிலங்கள் மூச்சின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும், வழி மாறும், கன்றை மறைக்கும் என்று வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்துச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "அதத்தான அன்னிக்கி சொன்னேன்" என்றார்.

அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. கிருத்திகைதோறும் மலையேறுவார், பிராகாரம் சுற்றாமல் சன்னதியில் நின்றுவிட்டு இறங்கிவிடுவார். சித்தப்பாவும் அத்தையும் காலமாகிவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது சித்தியும் நானும் இருக்கிறோம்.