ஏணியை அறுத்த அதிகாரம்

காலையில் ஓர் அதிகாரம். பொழுது சாய்வதற்குள் அதன்படி ஒரு காரியம். சின்ன பெயிண்டரின் வேத வாசிப்புக்கு இருந்த விதி அவ்வளவுதான். பைபிளை முதல் பக்கத்திலிருந்து வரிசை தவறாமல் வாசித்துவந்தார். எந்த அதிகாரம் எந்த நாளில் வந்து மாட்டும் என்பது அவர் கையில் இல்லை.

சுவரில் பூசணம் கண்டால் வீட்டை ஏழு நாள் அடைத்துவைக்கச் சொல்லும் அதிகாரம் வந்தது. ஈரம் ஏறிய தம் வாடகை வீட்டைப் பூட்டிக்கொண்டு, மனைவியோடு மாமனார் வீட்டில் போய் இறங்கினார். மூன்றாம் நாளே மாமனார் உப்புத்தாளும் கையுமாக வந்து அந்தச் சுவரைத் தாமே தேய்த்துக் கொடுத்தார். மதிலைச் சுற்றிவந்து விழவைத்த அதிகாரத்தன்று, குழாய் இணைப்பு தராமல் இழுத்தடித்த அலுவலகத்தை ஏழு முறை சுற்றினார். மதில் அசையவில்லை, ஆனால் காவலாளி மிரண்டுபோய் உள்ளே சொன்னதில் மனு அசைந்தது.

இவையெல்லாம் தெருவுக்குச் சிரிப்பு. சிரிக்க முடியாமல் போனது ஏணி விஷயம்.

அண்ணனும் பெயிண்டர்தான். தெருவில் அவரைப் பெரிய பெயிண்டர் என்பார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு நெடிய மூங்கில் ஏணி இருந்தது. ஒருநாள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்தில் மாடி வேலை வந்தது. அன்று காலை சின்னவர் வாசித்தது, ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கொண்டாடியதையும், குழந்தையைப் பாதியாக வெட்டச் சொல்லி ராஜா உண்மையான தாயைக் கண்டுபிடித்ததையும். சின்னவர் ரம்பத்தோடு போனார்.

“பாதி உனக்கு, பாதி எனக்கு. அறுத்துடலாமா அண்ணே?”

“அறு,” என்றார் அண்ணன்.

சின்னவர் மெதுவாக அறுத்தார். ‘ஐயோ, வேண்டாம்டா’ என்று அண்ணன் பதறுவார், ஏணி அவருக்கே என்று விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. அண்ணனும் அதே கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டவர். பதறவேண்டியவன் தம்பிதான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதையில் ஒரு தாயாவது கதறினாள். இங்கே மூங்கில் மட்டும்தான் கதறியது.

அகலமான கீழ்ப்பாதி அண்ணனுக்கு, குறுகலான மேல்பாதி தம்பிக்கு. பேச்சு நின்றுபோனது. இன்னோர் ஏணி வாங்கினால் தோற்றதாக ஆகிவிடும் என்று இருவரும் பாதியை வைத்தே காலம் தள்ளியதில், அக்கம்பக்கத்துச் சுவர்களெல்லாம் இடுப்புக்குக் கீழே மாப்பிள்ளையாகவும் மேலே பரதேசியாகவும் நின்றன. ஆலயத்தின் முன்சுவர்கூட அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போதகர் அதை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார். அண்ணன் வலப்பக்க முதல் பெஞ்சு. தம்பி இடப்பக்கக் கடைசி.

வாசிப்பு மட்டும் நிற்காமல் ஓடியது. புருஷன் பெண்டாட்டியின் பற்களை ஆட்டு மந்தைக்கு ஒப்பிடும் பாட்டு வந்த அன்று, சின்னவர் அதை அடுக்களை வாசலில் நின்று தம் மனைவியிடம் சொன்னார்.

“யாரப் பாத்து ஆடுங்கறீங்க?”

“ஒரு ஆடு இல்லடி. மந்தை. அழகா, வரிசையா...”

அன்று குழம்பில் உப்பு இல்லை.

இப்படியாக இரண்டு வருஷம் போய்ப் புதிய ஏற்பாடு தொடங்கியபோது, சின்னவரின் வேகம் திடீரென்று குறைந்தது. வம்ச வரலாறாகிய முதல் அதிகாரத்திலேயே ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டார்.

“பேரையெல்லாம் மனப்பாடம் பண்றேன்,” என்றார்.

ஐந்தாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறதென்று மனைவிக்கும் தெரியும்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு.

நான்காம் அதிகாரத்தில், வனாந்தரத்து நாற்பது நாள் உபவாசம் சின்னவருக்கு வரப்பிரசாதமாக வாய்த்தது. “நானும் நாப்பது நாள் இருக்கப்போறேன். அதுவரைக்கும் அடுத்த அதிகாரம் கிடையாது.”

“தாராளமா இருங்க,” என்று மனைவி அவர் முன்னாலேயே முட்டையைப் பொரித்தார். நாற்பது நாள் பத்தரை மணிக்கு முடிந்தது.

“அண்ணன் வீட்டு வாசல்ல நான் போய் நிக்கணுமாடி? ‘அறு’ன்னு சொன்னது அவர்தானே?”

“ரம்பம் யார் கையில இருந்துச்சு? என் பல்லு விஷயத்துல மட்டும் அன்னைக்கே கீழ்ப்படிஞ்சீங்க. இது கசக்குதோ?”

மறுநாள் ஞாயிறு. விடியற்காலையில் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். ஆலயத்தில் காணிக்கைப் பை வந்தபோது, கையிலிருந்ததை மனைவியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். வலப்பக்க முதல் பெஞ்சு காலியாக இருந்தது. அண்ணன் வரவில்லை.

அடுத்த தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தார். கதவு திறந்தே இருந்தது. மேசையில் இரண்டு டீ டம்ளர்கள், ஒரு தட்டில் பிஸ்கட்.

“வாடா. முதல் அதிகாரத்துல ஒரு வாரமா? உன் பொண்டாட்டி உங்க அண்ணிகிட்ட தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கா. இன்னைக்குக் கண்டிப்பா வருவேன்னு கோயிலுக்குக்கூடப் போகாம உக்காந்திருக்கேன்.”

“அண்ணே, அன்னைக்கு நான்...”

“இரு. மறு கன்னத்தைக் காட்டுன்னு வர்றதும் அதே அதிகாரம்தானே? அதையும் முடிச்சுட்டே உக்காரலாம்.” அண்ணன் கையை ஓங்கினார். சின்னவர் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினார். கை தலையில் இறங்கி, முடியைக் கலைத்துவிட்டுப் போனது.

“பாதி அறுக்கையில ‘வேண்டாம்’னு வாய் வரைக்கும் வந்துச்சுடா. நீ சொல்வேன்னு பாத்தேன்.”

“நானும் அதான் அண்ணே பாத்தேன்.”

“முட்டாள்.”

“ஆமாண்ணே.”

“உன்னை மட்டும் சொல்லல.”

மறுநாள் காலை இரு பாதிகளையும் சேர்த்து, இருபுறமும் மூங்கில் பட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஏணி முன்னைவிட ஒரு படி குட்டை. ஆலயத்தின் முன்சுவரில் சாத்தி, அண்ணன் கீழே இரு கையாலும் பிடித்துக்கொள்ள, சின்னவர் பெயிண்ட் வாளியோடு ஏறினார். அறுத்த இடத்தைத் தாண்டும்போது இருவரும் மூச்சுவிடவில்லை.

உச்சிக்குப் போனதும் அண்ணன் கீழேயிருந்து கத்தினார்: “இன்னைக்கு என்னடா அதிகாரம்?”

“வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வருது அண்ணே.”

“அடப்பாவி! அதைத் தரைக்கு வந்து செய். இடது கையால ஏணியைக் கெட்டியாப் பிடி!”