தேதியும் சொன்னான், துறைமுகமும் சொன்னான்

பாய்மரப் படகில் ஏறுகிறவன் வந்து சேரும் தேதியைச் சொல்லலாம், அல்லது துறைமுகத்தைச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று கேப்டன் முதல் நாளே சொல்லியிருந்தார். எட்வின் தலையாட்டினான். ஆனால் ராஜபாளையத்துக்காரனுக்கு பஸ் டைம் தெரியாமல் ஒரு வேலையும் ஓடாதே. "இருபத்திமூணாந் தேதி கொச்சி, கிறிஸ்மசுக்கு வீட்டுல இருப்பேன்" என்று மனைவி பிரிஸ்கில்லாவிடம் போனில் அடித்துச் சொல்லிவிட்டான். காற்றிடம் அவன் கேட்கவில்லை.

மில் கேன்டீனை மூடிய பிறகு கிடைத்த சமையல் வேலை இது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டனும் அவர் மனைவியும் மழைக்காலம் முடிந்ததும் கொச்சியிலிருந்து கோவா வரை கரையை ஒட்டிப் போய்த் திரும்புவார்கள். படகு சாய்ந்தால் அடுப்பும் கூடவே ஆடும். எட்வின் இடுப்பை பெல்ட்டால் கட்டிக்கொண்டு சாம்பார் வைப்பான். அரிசியைக் கடல் தண்ணீரில் களைந்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். குழாயில் தண்ணீர் வரும் நாளைத் திருநாளாகக் கொண்டாடும் ஊர்க்காரனுக்கு அந்தச் சிக்கனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துவைத்த சட்டை உப்பில் பிசுபிசுத்தபடியே இருக்கும். எல்லாம் பழகிவிட்டது, சாயங்காலத்தைத் தவிர.

ஊரில் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கும். இங்கே அதே மலைத்தொடர் கிழக்கே கிடந்தது. பிரிஸ்கில்லா பார்த்து முடித்த வெயில்தான் இப்போது நம் மேல் விழுகிறது என்று நினைப்பான். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் கல்யாணமான வருஷம் வாங்கிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை டிசம்பர் பிறந்ததும் வாசல் வேப்பமரத்தில் ஏறிக் கட்டுவது அவன் வேலை. இந்த வருஷம் அது அவனுக்காகப் பரணில் காத்திருந்தது.

திரும்பும் வழியில் கண்ணூருக்கு நேரே வந்தபோது காற்று நின்றது. பாய் கொடியில் போட்ட வேட்டி மாதிரித் தொங்கியது. அறுந்த மீன்வலை ஒன்று சுற்றி எஞ்சின் முந்தின வாரமே படுத்துவிட்டது. இருபத்திமூன்றாம் தேதி அங்கேயே விடிந்து அங்கேயே முடிந்தது.

மறுநாள் மத்தியானம் மீன்படகு ஒன்று பக்கத்தில் வந்தது. "நீ இதில் ஏறிக் கரைக்குப் போ, எட்வின்" என்றார் கேப்டன். எட்வின் பையைக்கூட எடுத்துவிட்டான். திரும்பிப் பார்த்தான். கேப்டனின் மணிக்கட்டு வீங்கிக் கட்டுப்போட்டிருந்தது. காற்று வந்தால் பாயை இழுக்க அவர் மனைவி ஒருவர்தான். பையைத் திரும்ப உள்ளே வைத்தான். மீன்படகு போவதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் போனில் சிக்னல் எட்டிப் பார்த்தது.

"எங்க இருக்கீக?" என்றாள் பிரிஸ்கில்லா.

"கடல்லதான். காத்து இல்ல பிரிசி."

"இங்க கொடியில துணி நிக்க மாட்டேங்குது, அம்புட்டுக் காத்து. அங்க மட்டும் இல்லியா?"

"இல்ல."

"ஸ்டாரக் கட்டிட்டேன்" என்றாள்.

"யாரு மரத்துல ஏறுனது?"

"நாந்தான். பொறவு யாரு?"

எட்வினுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. தான் போகாமல் அந்த நட்சத்திரம் மரமேறாது என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஊருக்கு ஏங்கியிருந்தான். "நல்லா எரியுதா?" என்று ஒப்புக்குக் கேட்டான்.

"லைட்டுப் போடல. தெருவே வெளிச்சமா இருக்கு, உங்க வீடு மட்டும் ஏன் இருட்டாக் கெடக்குன்னு எதுத்த வீட்டு மாமா கேட்டாக. எங்க வீட்டுக்காரவுக வந்து சுவிட்சப் போடட்டும்னு சொல்லிட்டேன். என்னைக்கு வாரீக?"

எட்வின் அண்ணாந்து பாயைப் பார்த்தான். அது அசையவில்லை.

"வீட்டுக்குத்தான் வருவேன் பிரிசி" என்றான். தேதி சொல்லவில்லை.