கடை தாண்டும் வரை

"யப்பா குணா, கைய குடு. கடைய தாண்டிக்கலாம்."

பகல் ஷிப்ட் முடிந்து மில் வாசலுக்கு வந்ததும் அன்புராஜ் முதலில் ஒரு கையைத் தேடுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை இடுக்கியால் கவ்வி இழுக்கிற ஆள் அவர். கதவு அகலத்துக்குத் தோள். அப்படிப்பட்டவர் மதுக்கடையைக் கடக்க, எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி, கூட வேலை பார்க்கும் குணாளன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

குணாளன் லீவு போட்டால் மில் வாசலில் வேர்க்கடலை விற்கும் முத்தம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருவார். நடக்கும்போது அன்புராஜின் உதடு மட்டும் அசையும். "ஆண்டவரே, என்னால முடியாது." அவ்வளவுதான் ஜெபம். கடை தாண்டியதும் "ஸ்தோத்திரம்" என்று கையை விட்டுவிடுவார்.

முன்பு இப்படியில்லை. சபையில் எழுந்து, குடியை ஜெயித்துவிட்டதாக மார்தட்டிச் சாட்சி சொன்னவர்தான். அன்று சாயங்காலமே கடைப்பக்கம் தனியாக நடந்து பார்த்தார். குடித்துக் கிடந்தவரை மனைவி திலகவதி வந்து கடை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இப்போது போதகர் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "ஜெயிக்கல ஐயா, தாண்டிக்கினு கீறேன்" என்று உட்கார்ந்துவிடுகிறார். நீளமான பிரசங்கங்களில்கூட இத்தனை நேர்மையைக் கேட்பது அரிது.

கிரேன் ஓட்டும் வெங்கடேசனுக்கு இதெல்லாம் நல்ல தமாஷ். "இன்னா அன்பு, பால் பாட்டில் வேணுமா?" என்பார். அன்புராஜும் சேர்ந்து சிரிப்பார். வெங்கடேசனும் மொடாக்குடியர்தான். குடியை நிறுத்தினால்தான் திரும்பி வருவேன் என்று போன மாதம் அவர் மனைவி பிள்ளைகளோடு சோழவரத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

சென்ற சனிக்கிழமை, கடைக்குச் சற்று முன்னால் மின்கம்பத்தைப் பிடித்தபடி வெங்கடேசன் நின்றிருந்தார். உள்ளே போகவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை. கண் கலங்கியிருந்தது. குணாளனோடு வந்துகொண்டிருந்த அன்புராஜ் அதைப் பார்த்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. குணாளன் கையை விட்டுவிட்டுப் போய், தீத்தழும்பேறிய தன் கையை வெங்கடேசனிடம் நீட்டினார்.

"வெங்கடேசா, இன்னிக்கி எனக்கு முடியலப்பா. நீ கொஞ்சம் தாண்டி வுடு."

ஒப்புக்குச் சொன்னதல்ல. அவர் கண் நிஜமாகவே கடைப் பக்கம் போய்ப் போய் வந்தது. வெங்கடேசன் கம்பத்தை விட்டார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பற்றினார்.