ஏழு முடிச்சு

பொய் எழுதுகிற அளவுக்கு நான் படிக்கவில்லை. மூன்றாம் வகுப்புத்தான். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். சொல்லட்டும்.

1994 நவம்பர். இத்தாலியின் பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு கந்தோர்க் கட்டடம், முழுக்க அலுவலகங்கள். விடியப்புறம் நாலரைக்கு நானும் என் மனைவி செலஸ்ரீனாவும் ஐந்தாம் மாடியைத் துப்புரவாக்கத் தொடங்குவோம். மாடிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் பாரமான இரும்புக் கதவு. விட்டால் தானாக மூடிக்கொள்ளும். நெருப்புப் பிடித்தால் புகையை மறிக்கிற கதவு, திறந்து வைக்காதே என்று காவல்காரன் லொரென்சோ பலமுறை சொன்னான். நான் யார் சொன்னாலும் நம்புகிறவன் இல்லை. எங்கள் ஊர் மன்னாரில் ஆமிக்காரன் வந்த நாளில், மூடின கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான் தப்பவில்லை. அதோடு எனக்கு இரண்டு கையிலும் வாளி. கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைப்பேன்.

திங்கட்கிழமை, 5.10. டொம்... கதவு மூடியது. கட்டை சுவரோரம் ஒழுங்காக நின்றது. தொட்டேன். சூடு.

செவ்வாய், அதே 5.10. டொம்... இந்தமுறை கதவில் ஐந்து விரல் தடம். கரி. செலஸ்ரீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"படியிலை ஒரு பொம்பிளை இருமிக்கொண்டு போனது கேட்டுது," என்றாள்.

"இஞ்சை எங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

"மூடினபடி கிடக்கட்டுமப்பா. இனிக் கதவோடையும் சண்டையே?"

நான் விடுகிற ஆள் இல்லை. ஏதோ ஒன்று எங்களை உள்ளே வைத்து அடைக்கப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன்.

புதன். நைலோன் கயிறு கொண்டுபோனேன். திறந்த கதவின் கைப்பிடியைப் படிக்கட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். நாலு முடிச்சு. அன்று மேலே குழாயில் தண்ணீர் இல்லை. வாளியோடு கீழே இறங்கினேன்.

5.10. பின்னால் கிர்ர்... கிர்ர்...

திரும்பினேன். ஆள் இல்லை. கயிறு நடுங்கியது. முடிச்சில் கரி ஏறிக்கொண்டிருந்தது...

"கை வைக்காதை," என்றேன்.

நின்றது. ஒரு இருமல். என் காதோரம்...

ஏறிப்போய் இன்னும் மூன்று முடிச்சுப் போட்டேன். இறுக்கி.

"சுறுக்கா வாங்கோ," என்றாள் செலஸ்ரீனா உள்ளேயிருந்து.

5.31. கீழே வாளி நிறைகிறது. நிலவறையிலிருந்து புகை.

ஓடி ஏறினேன். மூன்றாம் மாடிக்கு மேல் முடியவில்லை.

மேலே இருமல் கேட்டது.

இரண்டு பேருடைய இருமல்...

6.20க்குத் தீயணைப்புக்காரர் செலஸ்ரீனாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இல்லை. மற்ற மாடிகளில் கதவுகள் மூடியிருந்தன. அங்கே ஒரு பொட்டுப் புகையும் போகவில்லை.

அடக்கம் முடிந்தபின் லொரென்சோ சொன்னான். 1988இல் அதே மாடியைத் துப்புரவாக்கியவள் கொலெட் என்ற மொரிசியஸ்காரி. அவளும் கதவுக்குக் கட்டை செருகினாள். அவளும் புகையில்தான் போனாள்.

பிறகு, தீயணைப்புக்காரர் கதவிலிருந்து வெட்டியெடுத்த கயிற்றை என் கையில் தந்தான்.

நான் போட்டது ஏழு முடிச்சு. கயிற்றில் ஒன்றுதான் இருந்தது.

அவிழ்ந்த ஆறு இடத்திலும் கரி விரல்.