ஆரியா என்றால் மூடு என்று நினைத்தேன்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு முடியப் போகிற நேரம். நான் பலெர்மோவுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தேன். ஒரு அக்காவும் அவருடைய கணவரும் வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது. அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர். போக இடமில்லாமல் வந்து நின்ற என்னை, "எங்களோடை இரும் பிள்ளை, பேந்து பாப்பம்" என்று உள்ளே எடுத்தவர். என் கையில் அப்போது பெர்மெஸ்ஸோ இல்லை. அதாவது, அந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் தாள் இல்லை. பொலிஸ் உடுப்பை எங்கே கண்டாலும் அடுத்த தெருவால் சுற்றிப் போகிற காலம்.

மே மாதம் வந்து இறங்கியதால், இது எங்கள் ஊர் வெயில்தான் என்று இறுமாந்து இருந்தேன். டிசம்பரில் அந்த இறுமாப்பு போய்விட்டது. பலெர்மோவில் குளிர் வெளியே இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. கல் சுவர், உயர்ந்த கூரை, நிலமெல்லாம் மாபிள். வெளியே போகும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்வோம். மின்சார ஹீட்டர் ஒன்று இருந்தது. அதையும் சலவை மெஷினையும் ஒன்றாகப் போட்டால் மீட்டர் டக்கென்று விழுந்து கரண்ட் நின்றுவிடும். பிறகு மூன்று மாடி இறங்கிப்போய்த் தட்டிவிட்டு வரவேண்டும். அக்கா வேலை செய்த வீட்டு அம்மா, அந்த ஊர்ப் பேச்சில் சிஞ்ஞோரா, இதைக் கேள்விப்பட்டு, தன் நிலவறையில் கிடந்த பழைய காஸ் ஹீட்டரைக் கொடுத்தார்.

அதை அங்கே ஸ்தூஃபா என்பார்கள். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்கு அனுராதபுரத்து ஸ்தூபிதான் நினைவுக்கு வந்தது. வந்ததோ சில்லு வைத்த ஒரு இரும்புப் பெட்டி. பின்பக்கம் காஸ் சிலிண்டரை உள்ளே வைக்கவேண்டும். முன்பக்கம் மூன்று தட்டுகள் சிவந்து எரியும். குமிழை அமத்திப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ணினால்தான் பற்றும். அதன் முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் போல இருக்கும்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஒரு எதிர்பார்ப்புத்தான் இருந்தது. அக்காவின் மகள். இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. அக்காவின் தங்கையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து காத்துக்கொண்டிருந்தது. பிள்ளையைக் கூப்பிடுவதற்கான தாள்கள் எல்லாம் சரி. வீடு பார்க்க ஒரு ஆள் வந்து, இது பிள்ளை இருக்கக்கூடிய வீடு என்று எழுதிக் கொடுக்கவேண்டியதுதான் மிச்சம். அக்கா சந்தையில் ஒரு சின்னச் சிவப்புக் குளிர் ஜாக்கெட் வாங்கி, கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தார். வேலையால் வந்தால் முதலில் அதைத் தடவிவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவார்.

வீடு பார்க்கிறவர் வரப்போகிறார் என்றுதான் அக்காவின் கணவர், ஸ்ஃபெர்ராகவால்லோவில் கோப்பை கழுவுகிற ரெஸ்டாரன்டில் ட்ரில் மெஷின் இரவல் வாங்கிவந்து, பெரிய அறையின் சுவரில் ஒரு துளை போட்டார். முழங்காலுக்குக் கீழே, கைமுட்டி போகிற அளவு. "இது எதுக்கு அண்ணை?" என்று கேட்டேன். "காஸ் இருக்கிற வீட்டுக்கு இது வேணுமாம். வாறவை முதல் இதைத்தான் பாப்பினமாம்" என்றார். காஸுக்கு ஏன் ஓட்டை வேண்டும் என்று நானும் மேலே கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையெழுத்து, முத்திரை மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். என் மெத்தை அந்தத் துளைக்குப் பக்கத்தில்தான். அதற்குள்ளால் வந்த ஊதல் என் முழங்காலைத் தின்றது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நான் வேலை செய்த வீட்டில் எண்பது தாண்டிய ஒரு சிஞ்ஞோரா இருந்தார். எனக்கு இத்தாலி மொழி படிப்பித்தது அவருடைய வாய்தான். குளிப்பாட்டிவிட்டு நான் கதவைத் திறந்தால் "ஆரியா!" என்று கத்துவார். ஓடிப்போய் மூடுவேன். யன்னல் சற்று நீக்கலாக இருந்தால் கழுத்தைப் பொத்திக்கொண்டு "ஆரியா, ஆரியா" என்பார். மூடுவேன். ஏழு மாதத்தில் எழுநூறு தரம் கேட்டிருப்பேன். ஆகவே என் அகராதியில் ஆரியா என்றால் பொல்லாத குளிர்காற்று. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை தானாக எதையாவது மூடப் போகும்.

வியாழக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு ஓய்வு. அந்த வியாழன் நல்ல மழை. நான் வீட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் காஸ்காரர் புது சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஸ்தூஃபாவில் மாட்டி, பற்றவைத்துப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த துளையைக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி, "ஆரியா, சிஞ்ஞோரா, ஆரியா" என்றார். முகத்தை வலு கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் வேறு என்னவோ எல்லாம் சொன்னார். அவை எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒரு சொல்தான். பாவம், முன்பின் தெரியாத மனுசன், எங்களுக்குக் குளிர்ப்பிடிக்கும் என்று எவ்வளவு அக்கறைப்படுகிறார் என்று நினைத்தேன். "சி, சி, கிராட்சியே" என்று ஓமும் நன்றியும் சொல்லித் தலையாட்டினேன்.

அவர் படி இறங்கின சத்தம் ஓயமுதல் என்னுடைய பழைய சோட்டியை, வீட்டில் போடுகிற கவுனை, எடுத்தேன். மஞ்சள் பூப் போட்டது, கையில்லாதது, ஊரிலிருந்து கொண்டுவந்தது. உருட்டித் துளைக்குள் திணித்தேன். வீடு பார்க்கிறவர் வருகிற அன்றைக்கு எடுத்துவிட்டால் போயிற்று என்பது என் எண்ணம். யன்னலின் மரக்கதவுகளையும் இறுக்கச் சாத்தினேன். அறை சூடேறியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மணிபோல அக்கா நனைந்துகொண்டு வந்தார். தலையைத் துவட்டிவிட்டு, "இண்டைக்குத்தான் வீடு வீடு மாதிரி இருக்குது" என்றார். சாப்பிட்டுவிட்டு, ஈரத் தலைமயிரை ஸ்தூஃபா பக்கம் விரித்துவிட்டுக் கட்டிலில் சரிந்தார். நான் கீழே இருந்து என் பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்தேன்.

சிறிது நேரத்தில் ஸ்தூஃபா தானாக அணைந்தது. பழைய சாமான், அதுதான் மக்கர் பண்ணுகிறது என்று திட்டிக்கொண்டு திரும்பப் பற்றவைத்தேன். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் பற்றவைத்தேன். அறையில் நல்ல காற்றுக் குறைந்தால் தானாக அணைகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்களாம். அந்த இரும்புப் பெட்டிக்கு இருந்த அறிவு எனக்கு இருக்கவில்லை. எத்தனை தரம் பற்றவைத்தேன் என்று இப்போது நினைவில்லை. தலை இடித்தது. ஊசியின் துளை இரண்டாகத் தெரிந்தது. வயிற்றைப் பிரட்டியபோது, மத்தியானம் சாப்பிட்ட மீன்குழம்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

தேத்தண்ணீர் வைப்போம் என்று எழும்பினேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. "அக்கா" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுப்பினேன். தலை ஒரு பக்கம் விழுந்தது. அந்த நிமிடத்தில் வந்த பயத்தை எழுதினால் உங்களுக்கு விளங்குமோ தெரியாது. தவழ்ந்துபோய் வாசல் கதவைத் திறந்து, படிக்கட்டில் விழுந்து, வாய்க்கு வந்ததைத் தமிழில் கத்தினேன்.

கீழ்மாடி சிஞ்ஞோரா ஓடிவந்தார். அறைக்குள் ஒரு கால் வைத்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்தூஃபாவை அணைத்து, யன்னல்களை அடித்துத் திறந்தார். "ஆரியா! ஆரியா!" என்று கத்தினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப்போய், அவர் திறந்த யன்னலைச் சாத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுத் திறந்தார். நான் திரும்பவும் சாத்தப் போனேன். கடைசியில் அவர் என் கன்னத்தில் ஒன்று போட்டு, என் தலையைப் பிடித்து மழைக்கு வெளியே நீட்டி, தன் நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்துக் காட்டி, "ஆரியா" என்றார். அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் விளங்கியது. மூச்சு விடுகிற காற்று.

தீயணைப்புக்காரர்கள் வரும்போது அக்காவை பால்கனிக் கதிரையில் போர்வை சுற்றி இருத்தியிருந்தோம். மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தார், கண் திறந்தார். ஒருவர் அறையைச் சுற்றிப் பார்த்து, குனிந்து, துளைக்குள்ளிருந்து என் சோட்டியை உருவி எடுத்தார். மஞ்சள் பூவெல்லாம் விரிந்து அவருடைய கையில் தொங்கியது. இதை யார் வைத்தது என்று கேட்டார். அவர் உடுத்திருந்த உடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து என் பெயரைக் கேட்பார், பெர்மெஸ்ஸோவைக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நான்தான்" என்றார் அக்கா, இத்தாலி மொழியில். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என்னைக் காட்டி, சாப்பிட வந்த சொந்தக்காரப் பிள்ளை என்றார். தீயணைப்புக்காரர் எழுதிக்கொண்டார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் ஒக்சிசன் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு நான் வீட்டில் நின்றேன்.

உயிர் தப்பிவிட்டோம் என்று நாங்கள் ஆறுதல்பட்டது ஒரு கிழமைதான். வீட்டுக்காரர் பயந்துபோனார். தயவுசெய்து வேறு இடம் பாருங்கள் என்றார். அவரில் பிழை இல்லை. வீடு போனதால் வாடகை ஒப்பந்தம் போனது. அந்த விலாசத்தில் கொடுத்த தாள்கள் எல்லாம் வீணாகின. புது வீடு, புது ஒப்பந்தம், எல்லாம் முதலிலிருந்து. பிள்ளை கொழும்பு லொட்ஜில் இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

அந்தப் பதினொரு மாதமும் நான் அவர்களோடுதான் இருந்தேன். அக்காவின் கணவர் நல்ல மனுசன். ஆனால் கொழும்புக்குப் போன் பண்ணிவிட்டு வருகிற நாட்களில் அவரால் தாங்கமுடியாது. "உன்ர குளிருக்குப் பயந்து பிள்ளையைத் தூரமாக்கிப்போட்டாய்" என்பார். அக்கா ஒரு சொல் திருப்பிச் சொல்லமாட்டார். நான் குசினியில் நின்று, கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுவேன். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும், நாளைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று இருப்பேன். பிறகு, சொன்னால் வெளியே போ என்று விடுவார்களோ என்று பயப்படுவேன். அக்காவுக்கு மயக்கத்தில் ஒன்றும் விளங்கவில்லை, தன் கணவர்தான் அடைத்தார் என்று நினைத்து அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்றுகூட எனக்கு நானே ஒரு கதை கட்டிவைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்பது நவம்பரில் பிள்ளை வந்தது. விமான நிலையத்துக்கு நானும் போனேன். கூட்டிவந்தவரின் கையை விடாமல் பிள்ளை அக்காவை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கேட்டது: "நீங்களோ போனிலை கதைக்கிற அம்மா?"

"ஓம் குஞ்சு, அது நான்தான்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டார். கைகள் முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு காலை, பால்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது சொல்லத் தொடங்கினேன். "அக்கா, அண்டைக்கு அந்த ஓட்டையை..." என்றேன். அவர் கையிலிருந்த கவ்வியைக் கொடியில் குத்திவிட்டுத் திரும்பினார்.

"அது உம்மட மஞ்சள் சோட்டி எண்டு அந்த மனுசன் இழுக்கேக்கையே கண்டனான். உமக்குப் பேப்பர் இல்லை. ஆரோ ஒராள் ஓம் எண்டு சொல்லத்தானே வேணும்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கோபமில்லாமல், ஒரு சாதாரண விசயம் சொல்வது போலச் சொன்னார்: "தீயணைப்புக்காரருக்கு நீர் சொல்லாததைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. இவருக்கெண்டாலும் சொல்லுவீர் எண்டு வருசம் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அன்றைக்கே அவருடைய கணவரிடம் சொன்னேன். அவர் எழும்பிப்போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து, பலெர்மோக்காரி மாதிரிக் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறாள். என்னைக் கண்டால் அன்ரி என்று கட்டிப்பிடிப்பாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் ஒரு யன்னலைத் திறந்துவிடுவேன், எல்லாரும் என்னைக் கேலி பண்ணுவார்கள். சுவரில் இருந்த துளையை நான் அடைத்தது தெரியாமல். அதற்குப் பிறகு ஒரு வருடம் என் வாயை அடைத்துக்கொண்டு இருந்தது நன்றாகத் தெரிந்துதான்.