உண்ணிப்பழம் தின்ற நாக்கு

உண்ணிச்செடியின் இலையைக் கசக்கினால் எழும் காட்டமான வாடை கையைவிட்டு எளிதில் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை வரும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை முழுவதும் கரடியூரில் எல்லார் கையும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மேலே, ஊர் மாடுகள் மேயும் சரிவு ஒன்று உண்டு. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் குலுங்கிய உண்ணிப் புதர் ஆண்டுக்காண்டு இறங்கி வந்து அதை மூடிவிட்டது. அதன் அடியில் புல் முளைக்காது. பசி தாங்காமல் எங்கள் பசு செவலை ஒருநாள் அந்த இலையையே தின்றுவிட்டாள். காதும் மூக்கும் புண்ணாகித் தோல் உரிந்து, வெயிலுக்கு அஞ்சிக் கொட்டகை மூலையிலேயே நின்றாள். "புல்லில்லாத ஊர்ல மாட்டைக் கட்டிப்போட்டுக் கொல்றது பாவம். ஐப்பசிக்குள்ள மேய்ச்சல் வரலைன்னா சந்தைக்கு ஓட்டிர வேண்டியதுதான்" என்றார் அப்பா. அம்மா புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள்.

அந்தக் கோடையில் ஊரே சரிவில் ஏறியது. வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும் செடி அது. அதனால் பெரியவர்கள் கடப்பாரையால் வேரோடு கிளப்பித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார்கள். சின்னச் செடிகளைப் பிடுங்குவது பிள்ளைகள் வேலை. களைத்துப் போனால், தண்ணீர் கசியும் நடுப்பாறையில் உட்கார்ந்து, மடி நிறையப் பறித்துவந்த கறுத்த உண்ணிப்பழங்களைத் தின்போம். கொட்டையை யார் அதிகத் தொலைவு துப்புவது என்று போட்டி வேறு. என்னை யாராலும் வெல்ல முடியவில்லை.

ஆடி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். ஈரமான அந்தப் பாறையடியில்தான் புல் முதலில் வந்திருக்க வேண்டும். வந்திருந்தது உண்ணி நாற்று. பாறையைச் சுற்றி வட்டமாக, நாற்றங்கால் போல. "போச்சு, இனி ஓட்டிர வேண்டியதுதான்" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வட்டத்துக்கு வெளியே, வெகுதொலைவில் ஒரு நாற்று தனியாக நின்றது. அது யார் துப்பியது என்று எனக்குத் தெரியும். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏனுங்க அக்கா, உங்க புள்ளைங்க புடுங்கப் போச்சா, வெதைக்கப் போச்சா?" அம்மா அடிக்கவில்லை. "படிக்கிற புள்ள பண்ற வேலையா கண்ணு இது?" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வட்டத்தை நாங்களே ஒரு நாற்று விடாமல் பிடுங்கினோம். காய்த்த கிளைகளைச் சாக்கில் கட்டி எரித்தார்கள். மாலையில் அம்மா தடத்தை மறித்து நின்று, "நாக்கை நீட்டு சாமி" என்று ஒவ்வொருவரையும் சோதித்தாள். முதல் நாளே கறுத்த நாக்கோடு பிடிபட்டவர் அப்பா. "இதுதானுங்களா நீங்க காடு திருத்தற லட்சணம்?" என்று அம்மா கேட்க, ஊரே சிரித்தது. ஐப்பசியில் புல் கணுக்கால் உயரம் வந்தது. செவலை சந்தைக்குப் போகவில்லை, சரிவுக்குப் போனாள்.

இன்று நான் சேலத்தில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அழகுச் செடியாகக் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டது உண்ணி என்று அம்மாவிடம் சொன்னேன். "கொண்டாந்தவியள வரச் சொல்லு, ஆளுக்கொரு கடப்பாரை தர்றேன்" என்றாள். ஊருக்கு வெளியே எஸ்டேட் பக்கம் அது இன்னும் பூக்கிறது. பறவைகள் விதை கொண்டுவந்து போடுகின்றன. மழைக்கு மழை நாங்கள் பிடுங்குகிறோம். எங்கள் சரிவில் புதர் இல்லை. அதோடு அதன்மேல் மொய்த்த வண்ணத்துப்பூச்சிக் கூட்டமும் குறைந்துபோனது, உண்மைதான்.

செவலையும் இல்லை. கிழடாகி, அந்தச் சரிவிலேயே ஒரு பகலில், வாயில் புல்லோடு படுத்தவள் எழவில்லை. அவளைப் புதைத்த இடத்தில் ஓர் உண்ணி நாற்றைக்கூட அம்மா இன்றுவரை இரண்டாம் இலை விட விட்டதில்லை.